சொல்லிசையும் குடிவழியும்

திண்டுக்கல் மாநகரில் மலைக்கோட்டையின் அடிவாரத்திலும் பேருந்து நிலையத்தின் அருகிலும் நிற்கும் இளைஞர்தம் செவிகளில் இந்நாளில் ஒலிப்பது பெரும்பாலும் 'ராப்' எனப்படும் சொல்லிசையே. முதியோர் பலர் இதனை இசையென்று ஒப்புவதில்லை. "இவன் பாடுகின்றானா, ஏசுகின்றானா?" என்று அவர்கள் வினவக் கேட்டிருக்கின்றோம். அவ்வினா நகைத்துத் தள்ளத்தக்கதன்று. சொல்லிசை பாட்டும் அன்று, வெறும் பேச்சும் அன்று. நான்கு தட்டுக் கொண்ட தாளத்தின்மேல் சொற்களை விரைவாக அடுக்கிச் செல்லும் ஒரு நடை அது.

இக்கலையின் பிறந்தநாளாக 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11ஆம் நாளைக் குறிப்பர். நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில், தம் தங்கை நடத்திய விருந்தொன்றில் ஜமைக்காவிற் பிறந்த கூல் ஹெர்க் என்பவர் இசைத்தட்டுக்களைச் சுழற்றினார். பாட்டு அடங்கித் தாளம் மட்டும் முழங்கும் சிறு பகுதியை, ஒரே இசைத்தட்டின் இரு படிகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் ஒலிப்பிப்பது அவர் கண்ட உத்தி. அத்தாளத்தின்மேல் சொல் ஏறியது. ஆங்கிலத்தார் அடியின் இறுதியில் ஓசையை ஒன்றச் செய்வர்; அது நம் இலக்கணத்தில் இயைபு. தமிழுக்கோ மோனையும் எதுகையும் அடியின் தொடக்கத்திலேயே உள்ளன. ஆகவே தமிழிற் சொல்லிசைப்போர்க்கு இருமுனையும் கட்டு உண்டு. நம் மாவட்டத்துப் பழனியைப் பாடிய அருணகிரிநாதரின் சந்தங்களில் நாப்பழகியவர்க்கு இவ்விரைவு முற்றிலும் அயலாகத் தோன்றாது. மலேசியத் தமிழரான யோகி பி. அவர்கள் நட்சத்ரா குழுவினருடன் 2006இல் 'வல்லவன்' என்னும் தொகுதியை வெளியிட்டபோது, தமிழ் இந்நடைக்கு எவ்வளவு இணங்கும் என்பது பலர்க்கும் விளங்கிற்று.

ஆயினும் நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது யாப்பையன்று. துயருற்ற இளமையுடைய ஒருவனுக்கு இக்கலை என்ன செய்கின்றது என்பதே நம் வினா. அமெரிக்காவில் ஜே-ஸீ என்னும் பெயரால் அறியப்படும் ஷான் கார்ட்டர் 1969இற் பிறந்தவர். புரூக்ளினின் ஏழையர் குடியிருப்பில் வளர்ந்தார். சிறுவனாயிருக்கையில் தந்தை வீட்டை விட்டு நீங்கினார். மகன் தெருவில் போதைப்பொருள் விற்கும் தொழிலில் இறங்கினான். பின்னர்ப் பாட வந்தபோது பெரிய நிறுவனங்கள் ஏற்காமையால், 1995இல் நண்பர் இருவருடன் தமக்கென ஓர் இசை நிறுவனத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டு முதல் தொகுதியை வெளியிட்டார். 2012 ஜனவரி 7இல் அவருக்கு மகள் பிறந்தாள். இரண்டே நாட்களில், அக்குழந்தையின் அழுகையொலியையும் சேர்த்து ஒரு பாட்டு வெளிவந்தது. 2017இல் வெளியிட்ட தொகுதியிலோ, மனைவிக்குத் தாம் இழைத்த தீங்கை ஒப்புக்கொண்டு, தம் பிள்ளைகள் அதனை ஒருநாள் அறிவரே என்று அஞ்சுகின்றார். இவரைச் சான்றோராக்குவது நம் கருத்தன்று. தெருவிற்கும் காவலர்க்கும் அஞ்சாதிருந்த ஒருவர், தொட்டிற் குழந்தைக்கு அஞ்சத் தொடங்கினார் என்பதே நோக்கத்தக்கது.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய சான்றாக நாம் கருதுபவர் அரக்கோணத்து அறிவு. இவர்பால் சிறப்பது தந்தைமையன்று, பேரனாயிருத்தல். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். அவ்வரலாறு நம் பகுதிக்கும் உரியது. திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மதுரைச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் கங்காணிமார் கொடுத்த முன்பணக் கடனில் கட்டுண்டு குடும்பம் குடும்பமாகக் கடல் கடந்தோர் மிகப் பலர். காப்பி நோயால் அழிந்தபின் தேயிலை வந்தது. கூலி மட்டும் மாறாதிருந்தது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்பாட்டின்படி 5,25,000 பேர் இந்தியாவிற்கு உரியவர் எனப் பங்கிடப்பட்டனர். அங்ஙனம் திரும்பியோரிற் பலர் நீலகிரியிலும் நம் கொடைக்கானல் மலையிலும் மீண்டும் கூலிகளாயினர். அவர்களுக்கு அங்கும் நிலமில்லை, இங்கும் நிலமில்லை.

அறிவு 2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தும் தென்மாவும் அமைத்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினருடன் மேடையேறினார். 2019இல் 'தெருக்குறள்' என்னும் தொகுதியைத் தந்தார். 2021 மார்ச்சில் தீயுடன் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' வெளிவந்தது. இசை தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். தோட்டம் செழித்தும் அதை நட்டவளின் தாகம் தணியவில்லை என்பதே அப்பாட்டின் கரு. வள்ளியம்மாளும் காட்சியில் தோன்றினார். 'என் சாமி' என்னும் விளி நம் ஊர்களில் பண்ணையாரை நோக்கிக் கைகட்டிச் சொல்வது. அதுவே பேரனை மடியிலிருத்திக் கொஞ்சுங்கால் பாட்டி சொல்வதுமாம். அடிமைச்சொல் ஒன்றே அன்புச்சொல்லாகவும் வழங்குதலை இலக்கண நூல்கள் எடுத்துரைத்ததாக நாம் அறியோம். ஒப்பாரியையும் தாலாட்டையும் கேட்டு வளர்ந்தோர் அறிவர்.

அப்பாட்டு கோடிக்கணக்கானோரை எட்டியபின் உரிமைப் பூசல் எழுந்தது. 2022 ஜூலை 28இல் சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழாவில் அறிவு இன்றியே அது பாடப்பெற்றது. எழுதியும் இசையமைத்தும் பாடியும் உருவாக்கியவர் தாமே என அறிவு அறிக்கை விடுத்தார். மூவரின் கூட்டு முயற்சியே அது எனச் சந்தோஷ் நாராயணன் விடை பகர்ந்தார். இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் அமரவில்லை. ஆனால் நட்டவர் யார், விளைவுக்குரியவர் யார் என்பதே பாட்டின் பொருளாயிருக்க, அப்பாட்டிற்கே அவ்வினா வந்துற்றமை நம்மைச் சிந்திக்கச் செய்தது.

2024இல் அறிவு தம் அடுத்த தொகுதியை வெளியிட்டார். பாட்டனின் பெயரைத் தாங்குவோன் பெயரன். அதுவே மருவிப் பேரன், ஊர்வழக்கில் பேராண்டி. அத்தொகுதிக்கு அவர் இட்ட பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'.