பரண் ஏறிய பாட்டுச் சரக்கு

எர்ணாவூர்ப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு இசைத்தட்டு சேர்க்கும் பழக்கம் உண்டு. கடைக்குப் பின்னால் உள்ள அறையில் ஒரு சுவரோரம் அரிசியும் பருப்பும், எதிர்ச் சுவரோரம் எல்.பி. ரிக்கார்டுகள். சுமார் 800 தேறும். "எண்ணூரில் எண்ணூறு" என்று எங்கள் வட்டாரத்தில் கேலி பேசுவார்கள்.

"அண்ணாச்சி, இதையெல்லாம் எப்போ கேக்கப் போறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஏன் தம்பி, கடையில இருக்குற துவரம்பருப்பு அம்புட்டையும் நானா திங்கப் போறேன்?" என்றார்.

பதில் சாமர்த்தியமாக இருந்தாலும் நம் தொழில் கணக்குக்கு அது ஒத்துவராது. பருப்புக்கு நாளைக் காலையில் ஆள் வரும். ரிக்கார்டுக்கு யார் வருவார்? கேட்கப்படாத தட்டு தேங்கிய சரக்குத்தானே? சரி, கணக்குப் போட்டே பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

எல்.பி. ஒன்று இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 40 நிமிடம் ஓடும். கடை அடைத்து, கல்லா எண்ணி, சாப்பிட்ட பிறகு இரவுக்கு ஒன்று என்று வைத்தால் 800 தட்டுக்கு 800 இரவு. இரண்டே கால் வருடத்திற்குள் முடிந்துவிடும்! எனக்கே வியப்பாகப் போயிற்று. அப்படியானால் அண்ணாச்சி எப்போதோ முடித்திருக்க வேண்டுமே? முடிக்கவில்லை. காரணம், நேரம் போதாதது அல்ல. இரவில் அவர் கை திரும்பத் திரும்ப அதே முப்பது, நாற்பது தட்டின் மேல்தான் போகிறது. நம் கடையிலும் அப்படித்தானே? அலமாரி நிறைய அயிட்டம் இருந்தாலும் தினசரி ஓடுவது சில அயிட்டங்கள்தான். மீதி, யாரோ ஒருவர் எப்போதோ கேட்பார் என்று உட்கார்ந்திருக்கிறது.

பாட்டு நம் வியாபாரத்திற்கு அந்நியமான சரக்கும் அல்ல. ஏவி.எம். நிறுவனர் மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில் தகப்பனார் ஆவிச்சி செட்டியாரின் கடையில் கிராமபோன் ரிக்கார்டு விற்றவர்தான். அடுத்தவர் தயாரித்ததை விற்பதைவிட நாமே தயாரித்தால் என்ன என்று கிளம்பி, கூட்டாளிகளுடன் 1932இல் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆரம்பித்தார். ஓடியன் ரிக்கார்டுகள் அந்தக் கடை வழியாகத் தென்னாட்டில் பரவின. ஸ்டூடியோ, சினிமா எல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது. கை தவறினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் ஓடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாற்றச் சொல்வார்கள். விற்றது போக மீந்த தட்டை எந்தக் கடைக்காரரும் பாதுகாத்து வைக்கவில்லை. புதுப்படப் பாட்டு வந்ததும் பழையது மூலைக்குப் போகும், பிறகு மூர் மார்க்கெட்டுக்குப் போகும். 1985 மே மாதம் தீப்பற்றி எரியும் வரை அந்த மார்க்கெட்தான் சேகரிப்பவர்களுக்குக் கொள்முதல் இடம். அங்கே இன்று பார்த்த தட்டு நாளை இருக்காது. பார்த்தபோதே வாங்கிப் போடும் பழக்கம் அப்படித்தான் பலருக்கு ஒட்டிக்கொண்டது.

சென்னையிலேயே இதில் பெரிய பெயர் வி.ஏ.கே. ரங்காராவ். இசை, நடன விமர்சகர். லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம் பெற்ற அவருடைய சேகரிப்பு அரை லட்சம் தட்டை ஒட்டியது என்பார்கள். பெரும்பாலும் 78 சுற்று. தட்டுக்கு ஆறு நிமிடம் என்றால் மூன்று லட்சம் நிமிடம், அதாவது 5,000 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் கேட்டாலும் ஏழு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. இதிலும் நேரம் பெரிய தடையாகத் தெரியவில்லை. அவரை நான் மெச்சுவது எண்ணிக்கைக்காக அல்ல. எந்தப் பாட்டை யார் பாடினார், எந்தப் படத்தில் அது வெட்டப்பட்டது என்று விவரம் தேடுகிறவர்கள் அவரிடம் போவார்கள். அவரும் எடுத்துச் சொல்வார். கேட்பார் வருகிற சரக்குக்குத் தேக்கம் என்று பெயர் இல்லை.

இதற்கு நேர்மாறான கதை அமெரிக்காவில் நடந்தது. பிட்ஸ்பர்க் நகரத்தில் பால் மாஹினி என்பவர் ரிக்கார்டுக் கடை நடத்தினார். விற்பனைக்கு வந்த சரக்கில் ஒரு பிரதியைத் தனக்கென்று ஒதுக்கி வைத்தே சேகரிப்பு முப்பது லட்சம் தட்டு என்னும் அளவுக்குப் போயிற்று. மதிப்பு ஐந்து கோடி டாலர் என்றார். 2008இல் கம்ப்யூட்டர் வழி ஏலத்தில் முப்பது லட்சம் டாலருக்குக் கேள்வி வந்தது. விசாரித்தால் கேட்டவர் உண்மையான ஆளே இல்லை! கையில் ரொக்கம் வரும் வரை மதிப்பு என்பது வாய்ப்பேச்சு என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2013இல் பிரேசில் நாட்டு பஸ் கம்பெனி முதலாளி ஜீரோ ஃப்ரெய்டாஸ் அந்தச் சரக்கை வாங்கினார். அவரிடம் ஏற்கெனவே பல லட்சம் இருந்தன. இளைஞர்களைச் சம்பளத்துக்கு வைத்து, நாளைக்கு ஐந்நூறு தட்டு என்ற அளவில் பட்டியல் எழுத வைத்தார். அந்த வேகத்தில் பத்து லட்சம் தட்டைப் பதியவே 2,000 நாள் பிடிக்கும். கேட்பதை விடுங்கள், எண்ணி முடிக்கவே ஆயுள் வேண்டும். ஆனாலும் அவர் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது அந்தப் பட்டியல்தான்.

ஏனென்றால், எர்ணாவூர் அண்ணாச்சியிடம் அது இல்லை. எது எங்கே இருக்கிறது என்பது அவர் மனதில் மட்டும் இருந்தது. மனக்கணக்கில் கடை நடத்தும் நம் ஆட்களுக்கு இது புதிதல்ல. 2023 டிசம்பர் புயலில் எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர் வட்டாரத்தில் வீடுகளுக்குள் புகுந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அண்ணாச்சி அறையில் அடி வரிசை ரிக்கார்டுகள் முழுதும் நனைந்தன. அரிசி மூட்டையை முதலில் பரணில் ஏற்றினார், அது நியாயம். உறையோடு சேர்த்து நூறு எல்.பி. ஏறக்குறைய ஒரு 25 கிலோ சிப்பம் கனம். அந்த அவசரத்தில் தனி ஆளாக எத்தனை சிப்பம்தான் ஏற்ற முடியும்?

தண்ணீர் வடிந்தபின் தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி நிழலில் நிறுத்தினார்கள். வினைல் தட்டு என்பதால் பாட்டு பிழைத்தது. (அரக்குத் தட்டு வைத்திருப்பவர்கள் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். கடுக்கி வைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். உப்புக்காற்றும் நிலக்கரித் தூசியும் உள்ள நம் பகுதியில் உறைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையும் அவசியம்.) போனது அட்டை உறை. சில தட்டுகளில் நடு லேபிளும் ஊறிப் பெயர்ந்துவிட்டது. அவை என்ன பாட்டு என்று போட்டுக் கேட்டால்தான் தெரியும். எந்த வரிசையில் எது இருந்தது, எத்தனை போயிற்று என்று பையன் கேட்டதற்கு அண்ணாச்சியால் பதில் சொல்ல முடியவில்லை. "நான் இல்லாமப் போனா இவன் இதை எடைக்குத்தான் போடுவான்" என்று அன்றைக்கு என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இப்போது கடையின் பழைய நீள நோட்டு ஒன்றைக் கோடு போட்டு எழுதுகிறார்கள். மருமகள் எழுத, அண்ணாச்சி சொல்கிறார். வரிசை எண், படம் அல்லது பாடகர், கம்பெனி, வாங்கிய இடம், நிலைமை, கடைசியில் "கேட்டது" என்று ஒரு கட்டம். போன வாரம் போயிருந்தபோது 412 வரை வந்திருந்தது. "கேட்டது" கட்டத்தில் பாதிக்கு மேல் காலி. லேபிள் இல்லாத தட்டுகளைத் தனியாக ஒரு தகர டின்னுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை அடைத்ததும் அதில் ஒன்று என்று ஏற்பாடு. அன்றைக்கு வைத்த தட்டு ஓடத் தொடங்கியதும், இது தன்னிடம் இருப்பதே தனக்குத் தெரியாது என்றார்.