உங்களுக்குத் தெரியுமா? வாஷிங்டன் வீட்டைக் காத்த பெண்கள்

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் மாளிகை 1850களில் இடிந்து விழும் நிலையில் இருந்தது. முன்தாழ்வாரத் தூண்கள் உளுத்துப்போனதால், பழைய கப்பல்களின் பாய்மரக் கம்பங்களை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மாளிகையை வாங்க அரசு முன்வரவில்லை. பொடோமாக் ஆற்றில் நீராவிப் படகில் சென்ற ஒரு தாய், நிலவொளியில் அந்தச் சிதைவைப் பார்த்து மனம் நொந்து மகளுக்குக் கடிதம் எழுதினார்.

மகள் ஆன் பமீலா கன்னிங்காம், தென் கரோலினாக்காரர், நெடுநாள் நோயாளி. பெண்களுக்கு வாக்குரிமைகூட இல்லாத காலம் அது. ஆனாலும் 1853இல் பத்திரிகை வழியே பெண்களுக்கு அறைகூவல் விடுத்தார். அவர் தொடங்கிய மவுண்ட் வெர்னான் பெண்கள் சங்கம் 2 லட்சம் டாலர் விலை பேசி, 1860இல் மாளிகையைப் பொறுப்பேற்றது. இன்றும் அதுவே பராமரிக்கிறது. மவுண்ட் வெர்னான் பண்ணையைத் தம் உழைப்பால் நடத்திய அடிமை மக்களின் கல்லறைத் திடலில் 1929இல் நினைவுக்கல் நட்டதும் இதே சங்கம்தான். அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தச் சங்கத்தின் பணிக்குப் பின்னாளில் ஒரு கௌரவமும் கிடைத்தது. அமெரிக்காவின் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை, தன் நிறுவனர்களில் ஒருவரான லூயிஸ் டூ பாண்ட் கிரவுனின்ஷீல்டு பெயரில் உயரிய விருது ஒன்றை வழங்குகிறது.

கிரவுனின்ஷீல்டு விருது முதன்முதலாக 1960இல் மவுண்ட் வெர்னான் பெண்கள் சங்கத்துக்கே வழங்கப்பட்டது.