காதுக்கு ஓர் இடம், கைக்கு ஓர் இடம்

எழுத ஆசைப்படுகிற பலர் முதலில் போய் நிற்பது பர்னிச்சர் கடையில்தான். மேசை வந்துவிடும், சுழல் நாற்காலி வந்துவிடும், ஜன்னலோரத்துக்கு ஒரு மணி பிளான்ட்டும் வந்துவிடும். மூன்றாம் மாதம் பார்த்தால் அந்த மேசைமேல் இஸ்திரி போட வேண்டிய துணி குவிந்திருக்கும். அறை அமைந்தும் எழுத்து அமையவில்லையே, ஏன்?

இந்தக் கேள்வியைக் கடலூர், சிதம்பரம் பக்கம் வந்து கேட்பது நல்லது. புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934இல் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். இரண்டும் இன்றைய கடலூர் நகரத்துக்குள் அடங்கிவிடும். தெற்கே போனால், 1823இல் வள்ளலார் பிறந்த மருதூர். அதற்கும் தெற்கே, மௌனி வாழ்ந்து 1985இல் மறைந்த சிதம்பரம். மேற்கே விருத்தாசலம் பக்கம் இமையமும் கண்மணி குணசேகரனும் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இவர்கள் எங்கே உட்கார்ந்து எழுதினார்கள் என்று தேடிப் போனால், நாம் படத்தில் பார்த்து ஏங்குகிற மாதிரி எழுத்தறை கிடைப்பது அரிது. கிடைப்பது வேறொன்று. பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் இரண்டு இடங்கள் இருந்திருக்கின்றன: ஊர் பேசுவதைக் கேட்க ஓர் இடம், கேட்டதை எழுத ஓர் இடம். முதலாவதில் சத்தம் வேண்டும், இரண்டாவதில் அது ஓய வேண்டும். இரண்டையும் ஒரே அறைக்குள் அடைக்கப் பார்ப்பதுதான் நம் சங்கடம்.

கருங்குழி வீட்டு விளக்கு

சென்னையை விட்டு 1858இல் கிளம்பிய வள்ளலார், வடலூருக்குப் பக்கத்தில் கருங்குழி கிராமத்தில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கும்வரை அதுவே அவர் இருப்பிடம். சொந்த வீடு இல்லை, விருந்தாளியாக இருந்த வீடு. அங்கிருந்து அடிக்கடி சிதம்பரம் போய்வருவார். அவரைப் பார்க்க வருகிறவர்களும் உண்டு. இரவானால் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுவார்.

தண்ணீரில் விளக்கெரிந்த கதை இங்கே நடந்ததாகத்தான் சொல்வார்கள். புதுக் கலயத்தைப் பழக்குவதற்காகத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்களாம். எழுதுகிற மும்முரத்தில் அதை எண்ணெய் என்று நினைத்து இரவெல்லாம் அகலில் ஊற்றினாராம். விளக்கும் விடியும்வரை எரிந்ததாம். அன்பர்களுக்கு அது அற்புதம். அந்த வீட்டை இன்றும் போற்றி வைத்திருக்கிறார்கள்.

எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அந்த வீட்டில் ஒருவர் விடிய விடிய எழுதலாம் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட நடைமுறையாக இருந்திருக்கிறது. வழக்கமாக விளக்குக்கு எண்ணெய் பார்த்து வைத்தது வீட்டுப் பெண்மணி. 'தூங்கலையா?' என்று யாரும் கதவைத் தட்டவில்லை. எழுதும் இடத்தை எழுதுகிறவர் மட்டும் உருவாக்குவதில்லை, அந்த வீடு உருவாக்குகிறது.

அரிசி ஆலையும் பத்திரிகை ஆபீசும்

மௌனி கணிதம் படித்தவர், கர்நாடக சங்கீதத்தில் ஊறியவர். கும்பகோணத்தில் இருந்துவிட்டு 1940களில் சிதம்பரத்துக்குக் குடிவந்தார். அரிசி ஆலை, சொத்து நிர்வாகம் என்று லௌகீகம் ஒரு பக்கம் ஓடியது. வாழ்நாள் முழுக்க அவர் எழுதியவை 24 கதைகள்தான். ஒரு கதையைத் திரும்பத் திரும்ப எழுதித் திருத்துவார் என்பது அவரை அறிந்தவர்கள் சொல்லிச் சென்றது. புதுமைப்பித்தன் அவரைத் தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்றார்.

அப்படிச் சொன்ன புதுமைப்பித்தனுடைய வாழ்க்கை நேர் எதிர். சென்னையில் 'தினமணி' ஆபீசில் வேலை. தந்தி, செய்தி, மொழிபெயர்ப்பு என்று நாள் ஓடும். அதற்கு நடுவே கதை, கட்டுரை, கிண்டல், விமர்சனம். 42 வயதில் மறைந்த மனிதர் தமிழ்ச் சிறுகதையின் போக்கையே மாற்றிவிட்டுப் போனார்.

இருவரில் யாருக்கு எழுதும் சூழல் நன்றாக வாய்த்தது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆலையின் கணக்கு வழக்கிலிருந்து ஒதுங்கி வந்து ஒரே வாக்கியத்தை இழைத்துக்கொண்டிருப்பது மௌனியின் சுபாவம். சந்தடிக்குள்ளேயே உட்கார்ந்து எழுதித் தள்ளுவது புதுமைப்பித்தனின் சுபாவம். இடம் சுபாவத்துக்குப் பொருந்த வேண்டும். மௌனியின் அறையைப் புதுமைப்பித்தனுக்குக் கொடுத்திருந்தால் இரண்டே நாளில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்.

பணிமனையில் கேட்டது

காதுக்கான இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கண்மணி குணசேகரனைத்தான் சொல்ல வேண்டும். விருத்தாசலம் அருகே மணக்கொல்லைக்காரர். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். ஸ்பானர் பிடித்த இடத்தில் டிரைவர்களும் கண்டக்டர்களும் பேசிய பேச்சு 'நெடுஞ்சாலை' நாவலாக வந்தது. முந்திரிக்காட்டிலும் கொல்லையிலும் கேட்ட பேச்சு 'அஞ்சலை' ஆனது. அதோடு நிற்காமல் இந்த வட்டாரமான நடுநாட்டின் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே தொகுத்துவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் இவ்வளவு சொற்கள் காதில் விழுமா?

இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். எழுத்துக்காக ஊரை விட்டு நகரத்துக்குப் போகவில்லை.

ஜெயகாந்தன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, சிறுவயதிலேயே சென்னை போய்க் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தார். அச்சகம், தோழர்கள், ஓயாத விவாதம்: அதுதான் அவர் பள்ளிக்கூடம். பின்னாளில் பெயர் பெற்ற பிறகும், கே.கே. நகர் வீட்டு மொட்டைமாடிக் குடிசையில் சபை கூட்டினார். மேசை நாற்காலியைவிட எதிரே உட்கார்ந்து பேச ஆள் இருப்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

யார் கூப்பிடலாம்?

கைக்கான இடத்துக்கு வருவோம். அங்கே மேசையைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. எழுதும் நேரத்தில் நம்மை யார் கூப்பிடலாம்?

சேக்கிழார் கதையை இந்தக் கோணத்தில் பாருங்கள். சோழ அரசில் உயர்ந்த பதவியில் இருந்தவர். தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு வந்து, கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்து, ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரையில் பெரிய புராணத்தை முடித்தார் என்பது மரபு. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். எல்லாம் கூடிவந்த ஏற்பாடு அது: அரசாங்க வேலையிலிருந்து விடுப்பு, செலவுக்கு அரசன், எழுத மண்டபம், முடிக்க ஒரு தேதி. மண்டபத்தைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். அந்த ஓராண்டு அவரை யாரும் மந்திராலோசனைக்குக் கூப்பிடவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

தனிமை மட்டும் இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியாரை 1918 நவம்பரில் கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் அடைபட்டிருந்தார். புதுச்சேரியின் குயில் தோப்பில் கவிதையாகக் கொட்டியவர், இந்தச் சிறையிலிருந்து கவர்னருக்கு மனு எழுத வேண்டியிருந்தது. பூட்டு நம் கையில் இருந்தால்தான் அது எழுதும் அறை. அடுத்தவர் கையில் இருந்தால் சிறை.

பெண்களுக்கு இந்தப் பூட்டுச் சங்கதி இன்னும் கூர்மையாகத் தெரியும். வர்ஜீனியா உல்ஃப் 1929இல் வந்த நூலில், கதை எழுத விரும்பும் பெண்ணுக்குப் பணமும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்றார். ஆண்டுக்கு 500 பவுன் என்று கணக்கும் சொன்னார். நம் பக்கத்தில், துவரங்குறிச்சியில் மணமாகிவந்த வீட்டில் கவிஞர் சல்மா எழுதியது இரவில், கழிவறைக்குள் ஒளிந்து. அந்த வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் யாரும் கேள்வி கேட்காத ஒரே இடம் அதுதான். 2004இல் அவருடைய நாவல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வெளிவந்தது. இதை மன உறுதிக்கு உதாரணமாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. ஒரு வீடு எழுத இடம் தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதுதான் சாட்சி.

எழுதியது எங்கே இருக்கும்?

மூன்றாவதாக ஓர் இடமும் தேவை. எழுதியதைப் பத்திரமாக வைக்கும் இடம். தில்லைக் கோயிலின் பூட்டிய அறையொன்றில் தேவார ஏடுகள் கிடந்ததையும், ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது கரையான் புற்று மூடியிருந்ததையும், அரித்ததுபோக மிஞ்சியதே நமக்குக் கிடைத்தது என்பதையும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பூட்டி வைப்பது வேறு, பேணி வைப்பது வேறு.

ஏட்டைப் படியெடுத்துப் படியெடுத்துத்தான் நம் முன்னோர் காப்பாற்றினார்கள். அச்சிலேற்றிக் காப்பாற்றிய உ.வே. சாமிநாதையரும் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். வள்ளலாரின் பாடல்களைக்கூட அன்பர்கள்தான் திரட்டினார்கள். இறுக்கம் இரத்தின முதலியார் விடாமல் கேட்டுப் பெற்றார், தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுத்தார், 1867இல் திருவருட்பா அச்சில் வந்தது.

நம் வீட்டில் எப்படி?

மூன்று படுக்கையறை வீடு எல்லோருக்கும் வாய்க்காது. ஒற்றைக் கூடம் உள்ள வீட்டிலும் செய்யக்கூடியவை இவை.

முதலில் நேரத்தைக் குறியுங்கள், பிறகு மூலையைத் தேடுங்கள். காலை ஐந்து முதல் ஆறு என்றால் அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் பால் வாங்குவது யார், அடுப்பைப் பார்ப்பது யார் என்று பேசி முடிவு செய்யுங்கள். அம்மாவோ மனைவியோ எழுதுகிறவராக இருந்தால் இந்தப் பேச்சு இன்னும் அவசியம். கணவர் எழுதினால் வீடு தானாக அடங்குகிறது, மனைவி எழுதினால் குக்கர் விசில் அவரைத்தான் கூப்பிடுகிறது.

மேசை இல்லையா? பரீட்சை அட்டை போதும். பழைய கணக்குப்பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு எழுதிய சாய்வு மேசை கிடைத்தால் இன்னும் நல்லது, முதுகு வளையாது. வலக்கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால் கையின் நிழல் தாளில் விழாது. கடலூரில் கிழக்கு ஜன்னல் என்றால் காலை வெயில் கண்ணில் குத்தும். அதற்கு நேரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள்.

இது கடற்கரை மாவட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் காக்கும். நோட்டையும் புத்தகத்தையும் வெளிச்சுவரை ஒட்டி அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும், நாலு விரல் இடைவெளி விடுங்கள். நெய்வேலியில் மின்சாரம் தயாரிக்கிற மாவட்டம்தான். ஆனாலும் 2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்தபோது பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கம்ப்யூட்டரில் எழுதுகிறவர்கள் பிரதியொன்றை வேறிடத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும். கரையானுக்குப் பதில் இன்று ஹார்ட் டிஸ்க் பழுது.

எழுதும் இடத்தில் செல்போனை வைக்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொள்வது, ஊரையே உள்ளே அழைத்து உட்கார வைப்பதற்குச் சமம்.

வீட்டில் இடமே இல்லை என்றால் நூலகம் இருக்கிறது. கடலூரில் மாவட்ட மைய நூலகம், சிதம்பரத்தில் படிக்கிறவர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகம். மின்விசிறிக்கு அடியில், நாலு பேர் மௌனமாகப் படித்துக்கொண்டிருக்கும் மேசையில், நம் பேனாவும் கொஞ்சம் வெட்கப்பட்டாவது நகரும்.

காதுக்கான இடத்தை விட்டுவிடாதீர்கள். கடலூர் முதுநகர் மீன் இறங்குதளத்தில் ஏலம் போடுகிற குரல், பண்ருட்டிப் பலாப்பழ மண்டியில் நடக்கிற பேரம், சிதம்பரம் கீழவீதியில் தேரன்று கேட்கிற சலசலப்பு: இவற்றை எந்த அறையும் வாங்கித் தராது. வாரத்தில் ஒரு நாளாவது அங்கே போய் நில்லுங்கள், திரும்பி வந்து குறித்துவையுங்கள். குறிப்பேட்டில் எதுவுமே சேராத வாரத்தில், கோளாறு மேசையில் இல்லை. நாம் வெளியே போகவில்லை என்று பொருள். குறிப்பு நிறையச் சேர்ந்தும் பக்கம் நிறையவில்லை என்றால், வீட்டாரோடு இன்னொரு முறை உட்கார்ந்து பேச வேண்டும். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் பர்னிச்சர் கடைக்குப் போவது வீண் செலவு.