பேச்சு, செவித்திறன் உதவியாளர் பணி: பட்டயம் மட்டும் போதாது, பதிவும் கட்டாயம்

மைசூரு: பிளஸ் 2 முடித்துக் குறுகிய காலத்தில் மருத்துவமனை சார்ந்த பணிக்குச் செல்ல விரும்பும் மாணவர்களுக்கு உள்ள வாய்ப்புகளில் ஒன்று பேச்சு, செவித்திறன் உதவியாளர் பணி. ஆனால், பட்டயச் சான்றிதழ் பெற்ற உடனேயே இப்பணியில் சேர்ந்துவிட முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இடம்பெற்ற பிறகே சட்டப்படி அதற்கான உரிமை கிடைக்கிறது.

இத்துறையில் நாட்டின் முதன்மையான கல்வி நிலையமாக விளங்குவது மைசூரு மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம். 1965-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்நிறுவனம், மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் தன்னாட்சி அமைப்பாக இயங்குகிறது. பட்டயம் முதல் முனைவர் பட்டம் வரையிலான படிப்புகள் இங்கு உள்ளன.

என்ன படிக்க வேண்டும்?

உதவியாளர் பணிக்கான அடிப்படைத் தகுதி, செவித்திறன், மொழி, பேச்சு ஆகியவற்றுக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பு. அறிவியல் பாடங்களுடன் பிளஸ் 2 தேர்ச்சி பெற்றவர்கள் இதில் சேரலாம். காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்ப்பதிலும், காதின் அளவுக்கேற்ற அச்சுகளைத் தயாரிப்பதிலும் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தனிப் பட்டயப் படிப்பு உண்டு.

ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் நிபுணராகவோ, பேச்சுப் பயிற்சி நிபுணராகவோ ஆக விரும்புவோருக்கு இப்பட்டயம் போதுமானதல்ல. அவர்கள் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டு இளநிலைப் பட்டப்படிப்பை முடித்திருக்க வேண்டும்.

பதிவு ஏன் கட்டாயம்?

நாடாளுமன்றம் 1992-இல் இயற்றிய இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. அங்கீகரிக்கப்பட்ட கல்வித் தகுதி, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பதிவு ஆகிய இரண்டும் இருந்தால் மட்டுமே மறுவாழ்வுத் துறையில் தொழில் செய்யலாம் என்று அச்சட்டத்தின் 13-ஆவது பிரிவு கூறுகிறது. பதிவு இல்லாதவர்கள் அரசுப் பணியில் அப்பதவியை வகிக்கவோ, உரிய சான்றிதழ்களில் கையொப்பமிடவோ இயலாது. இதை மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஒரு முறை பதிவு செய்வதுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. கவுன்சில் ஏற்கும் தொடர்கல்விப் பயிற்சிகளில் பங்கேற்று, ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

உதவியாளரின் எல்லை

செவித்திறனை முதற்கட்டமாகச் சோதிப்பது, நிபுணர் வகுத்த பயிற்சியை அளிப்பது, கருவியைப் பயன்படுத்தும் முறையைக் குடும்பத்தினருக்கு விளக்குவது ஆகியவை உதவியாளரின் பணிகள். குறைபாட்டின் தன்மையை உறுதி செய்து சிகிச்சையைத் தீர்மானிப்பது நிபுணரின் பொறுப்பு.

இந்த எல்லை மீறப்பட்டால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் குழந்தைகளே. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாட்டை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்பது உலக அளவில் பின்பற்றப்படும் கால வரையறை. தவறான சோதனை முடிவை நம்பிப் பெற்றோர் காத்திருந்தால், குழந்தை மொழியைக் கற்கும் முக்கியமான காலம் வீணாகிவிடும். உலகில் 43 கோடி பேருக்குச் செவித்திறன் மறுவாழ்வு உதவி தேவைப்படுவதாக உலக சுகாதார அமைப்பு 2021-இல் தெரிவித்தது.

பிசியோதெரபி துறையில் எப்படி?

பிசியோதெரபி துறை மறுவாழ்வு கவுன்சிலின் கீழ் வருவதில்லை. அதற்கு 2021-ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்கள் ஆணையச் சட்டம் பொருந்தும். சிகிச்சைக்குத் துணைபுரியும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பும், சிகிச்சை நிபுணர்களுக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பும் தேவை என அச்சட்டம் வரையறுக்கிறது. சில வாரங்களில் முடியும் சான்றிதழ்ப் படிப்புகள் இந்த அளவை எட்ட முடியாது.

அமெரிக்காவில் பிசியோதெரபி உதவியாளராக விரும்புவோர், அங்கீகாரம் பெற்ற இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்து, தேசியத் தேர்வில் தேர்ச்சி பெற்ற பிறகே மாநில உரிமம் கோர முடியும்.

சேர்வதற்கு முன்

மறுவாழ்வு கவுன்சில் ஒரு நிறுவனத்துக்கு அளிக்கும் அங்கீகாரம், குறிப்பிட்ட படிப்புக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டுமே உரியது. ஒரே வளாகத்தில் ஒரு படிப்புக்கு அங்கீகாரம் இருப்பதால் மற்றொன்றுக்கும் இருப்பதாகக் கருதக் கூடாது. எனவே, கட்டணம் செலுத்துவதற்கு முன், தாங்கள் சேரவிருக்கும் கல்வி ஆண்டில் அப்படிப்புக்கு அங்கீகாரம் உள்ளதா என்பதைக் கவுன்சிலின் இணையதளத்தில் மாணவர்கள் சரிபார்க்க வேண்டும். அங்கீகாரமற்ற படிப்பை முடித்தவர்களின் பெயர் பதிவேட்டில் ஏறாது.