அடகுக்குப் போன சர்டிபிகேட்

என் நாத்தனார் மூன்று வருஷம் டிப்ளமோ நர்சிங் படித்தவள். கடன் வாங்கித்தான் படிக்க வைத்தோம். எங்கள் மாவட்டத்திலேயே நாற்பது படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சேரும்போதே பிளஸ் டூ மார்க் ஷீட், டிப்ளமோ, நர்சிங் கவுன்சில் பதிவு எல்லாவற்றையும் ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் நின்றால் ஐம்பதாயிரம் கட்டுவதாகக் கையெழுத்தும் வாங்கினார்கள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் யாரும் படித்துப் பார்க்கவில்லை. பத்தாவது வரை படித்த நானாவது பார்த்திருக்கலாம்.

சம்பளம் மாதம் 11,000. பன்னிரண்டு மணி நேர டியூட்டி. அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் அதையும் இவளே பார்க்க வேண்டும். காய்ச்சல் என்று ஒருநாள் லீவு போட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடித்தம். பத்து மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டாள். "அண்ணி, தூக்கக் கலக்கத்துல ஊசி மருந்தை மாத்திப் போட்டுடுவேனோன்னு பயமா இருக்கு" என்று அவள் போனில் அழுதபோதுதான் எனக்கு உறைத்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

வேலையை விடுகிறேன் என்றதும், "பணத்தைக் கட்டிட்டு சர்டிபிகேட்டை வாங்கிக்க" என்றுவிட்டார்கள். அது ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். படகு கரையில் நிற்கும்போது ஐம்பதாயிரத்துக்கு எங்கே போவது? என் தோட்டை அடகு வைக்கலாம் என்றார் மாமியார். நான் சம்மதிக்கவில்லை. தோட்டு மேல் ஆசை என்று பேச்சும் வாங்கினேன்.

பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லி, அறந்தாங்கி வழியாக பஸ் பிடித்து, புதுக்கோட்டை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்கள் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அங்கிருந்த வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எல்லாமே செல்லாது என்று சொல்ல முடியாதாம். ஆனால் எழுதிய தொகையை அப்படியே கேட்க முடியாது, நியாயமான நஷ்ட ஈடுதான் கேட்கலாமாம். சர்டிபிகேட் கதை வேறு. அது விற்கிற சரக்கு இல்லை, அடகுப் பொருள் போலப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறதாம்.

சம்பள விஷயத்தையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு 20,000-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரை செய்ததாம். பரிந்துரைதானே, யார் கேட்கிறார்கள்? அரசாங்கமே 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் எடுத்து, அந்த நர்சுகள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்ததே!

ஆணைக்குழுவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நோட்டீஸ் போன ஒன்பதாம் நாள், மேனேஜரே போன் செய்து, "வந்து வாங்கிக்கம்மா" என்றார். சர்டிபிகேட் எல்லாம் வந்துவிட்டது. கடைசி மாதச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது வேறு இடத்தில் சேர்ந்திருக்கிறாள். அங்கேயும் ஒரிஜினல் கேட்டார்கள். காட்டிவிட்டு, ஜெராக்ஸ் மட்டும் கொடுத்து வந்தாள்.

- ஒரு வாசகி, கோட்டைப்பட்டினம்.