யவனர் காசில் நாஞ்சிற் படையோன்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் கரையாதலின் படுவான்கரை எனப் பெயர்பெற்ற பகுதியில் உள்ளது எம் வவுணதீவு. நெல்வயல் சூழ்ந்த ஊர். நகருக்குச் செல்வோர் வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடப்பர். பழங்காசு பற்றி எழுதப் புகுந்தவன் ஊர் வருணனை செய்வதேன் என வாசகர் வினவலாம். ஒரு காசைக் கண்டால் முதலிற் கேட்கவேண்டியது, அஃது எம்மண்ணிற் கிடந்தது என்பதே. அப்பாடத்தை நான் பிழைசெய்தே கற்றேன்.

2005 ஆம் ஆண்டில் ஒருநாள், வயல்வேலை முடித்துவந்த முதிய முல்லைக்காரர் ஒருவர் என்னிடம் ஒரு செப்புக்காசைத் தந்தார்.

“ஐயா, இதில எந்த ராசாட தலை இருக்கெண்டு பாத்துச் சொல்லுங்க” என்றார்.

சிறுவிரல் நகத்தளவினதான காசு அது. கரும்பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. ஒருபுறம் தலை, மறுபுறம் நிற்கும் உருவம், அதன் தோளருகே சிறகு போன்றதொன்று. தெளிவாகக் காணும் ஆவலால் அதனைப் புளிக்கரைசலில் ஊறவைத்துச் சாம்பலிட்டுத் தேய்த்தேன். மாலைக்குள் காசு பளபளத்தது. தலையும் இல்லை, சிறகும் இல்லை. உருவத்தின் நுண்மை அக்களிம்பிலேயே தங்கியிருந்ததை நான் அறிந்திலேன். முதியவர் சினந்திலர். “நல்லா வெளுத்துப் போச்சு” என்று சிரித்துக் காசை மடியிற் செருகிக்கொண்டு போனார். எந்த வயலில் எடுத்தார் என்று அவரை நான் கேட்கவில்லை. 2007 மார்ச்சு மாதத்தில் படுவான்கரை மக்கள் போரால் இடம்பெயர்ந்தனர். ஊர் திரும்பியவருள் அவர் இல்லை.

அதன் பின்னரே காசுநூல்களைத் தேடிக் கற்கலானேன். கி.பி. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளின் உரோமச் சிறுகாசுகள் நம் தீவிற் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அவற்றுட் சிலவற்றில் சிறகுடைய வெற்றித் தெய்வத்தைக் காணலாம். அவளைக் கிரேக்கர் நைக்கி என்றனர். அன்று என் கையிற் கரைந்தவள் அவளோ என்னும் ஐயம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

கிரேக்கர் தம் புராணத்தையே காசில் எழுதினர் எனலாம். ஏதென்சு நகரத்து வெள்ளிக்காசில் ஒருபுறம் அத்தீனா தேவியும் மறுபுறம் அவளது ஆந்தையும் விளங்கும். அலெக்சாந்தரின் வெள்ளிக்காசில் சிங்கத்தோல் போர்த்த எரகிளிசின் தலையும், அரியணையில் அமர்ந்த சீயசு தெய்வமும் உள. எழுத்தறியாதவனும் உருவங்கண்டு ஊரையும் அரசையும் அறிந்தான். இவ்வுருவங்களுக்காகவே இக்காசுகளைத் தேடித் தொகுப்போர் உலகெங்கும் உளர்.

யவனர் தம் தெய்வங்களை மட்டுமே பொறித்தனர் என எண்ணற்க. கி.மு. 180 அளவில் பாக்திரியா நாட்டை ஆண்ட யவன மன்னன் அகதோக்ளிசின் வெள்ளிக்காசு ஒன்றைப் படத்திற் கண்டபோது நான் வியந்துபோனேன். சதுரமான காசு. ஒருபுறம் கிரேக்க எழுத்தில் மன்னன் பெயர். நடுவே உலக்கையும் கலப்பையும் ஏந்திய பலராமன். மறுபுறம் பிராமி எழுத்தில் அதே பெயர். நடுவே சங்கும் சக்கரமும் ஏந்திய கண்ணன். சங்கு குடம்போலத் தோன்றுகிறது. தலைமேற் பிடித்த குடையைத் தலையணியாக மாற்றிவிட்டான் பொறித்த கம்மியன் என்பர் அறிஞர். பிறர் தெய்வத்தை முதன்முறை எழுதுவோனுக்கு அத்தகைய தடுமாற்றம் இயல்பே.

புறநானூற்று ஐம்பத்தாறாம் பாட்டைக் கற்பித்த ஆசிரியர்க்கு இக்காசு வேறொரு நினைவையும் எழுப்பும். பாண்டியன் நன்மாறனை நக்கீரர் நான்கு தெய்வங்களோடு ஒப்பிடுகிறார். அவருள் ஒருவன் நாஞ்சிற்படையும் பனைக்கொடியும் உடைய பலராமன். அப்பாட்டின் பிற்பகுதியிலேயே யவனர் கொணர்ந்த மதுவும் பேசப்படுகிறது. வடமேற்கே யவன மன்னன் காசில் நாஞ்சிலோன். தெற்கே நாஞ்சிலோனைப் பாடும் பாட்டில் யவனர் மது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சொல்லேன். வணிகர் நடந்த வழிகளில் பண்டத்தோடு தெய்வங்களும் நடந்தன என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

அக்காசை நாம் ஐயுறாது ஏற்பதற்குக் காரணம் உண்டு. 1970 இல் ஆப்கானித்தானத்து ஆய் கானும் என்னும் கிரேக்க நகரில் பிரெஞ்சு அகழ்வாய்வாளர் ஒரு புதையலை எடுத்தனர். 677 முத்திரைக் காசுகளோடு அகதோக்ளிசின் இக்காசுகள் ஆறும் அதில் இருந்தன. எவ்விடத்தில், எவற்றோடு கிடந்தன என்பது எழுதிவைக்கப்பட்டது. தனியொரு காசு கடைத்தெருவில் விலைக்கு வந்திருப்பின், போலி என ஒதுக்கியிருப்போர் பலர்.

இதற்கு நேர்மாறானது மிர் சக்காவின் கதை. அவ்வாப்கானியச் சிற்றூரில் 1990களில் தோண்டியெடுத்த பழங்காசுகள் பெசாவர் கடைத்தெருவில் மூட்டை மூட்டையாக விற்கப்பட்டன. அம்மூட்டைகளை 1994 இல் நேரிற் கண்டவர் நம் இலங்கையரான ஒஸ்மண்ட் போபேஆரச்சி. பாரிசு தேசிய நூலகத்து இந்தோ-கிரேக்கக் காசுகளுக்கு 1991 இல் அட்டவணை நூல் வெளியிட்ட பேரறிஞர் அவர். அங்கு எடுக்கப்பட்ட காசுகள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை என்பது அவர் கணிப்பு. அவை பல நாடுகளுக்கும் சிதறின. காசுகள் தப்பின, அவற்றின் வரலாறு தப்பவில்லை.

தொகுப்பவர் எல்லாரும் அழிப்பவர் என்பது என் கருத்தன்று. தமிழகத்தில் இரா. கிருட்டிணமூர்த்தி பல்லாண்டுகள் காசு தேடித் தொகுத்தார். ‘பெருவழுதி’ என்னும் பெயர் பொறித்த பாண்டியர் காசைப் படித்து உலகுக்கு அறிவித்தவர் அவரே. கரூரிற் கிடைத்த, உரோமரல்லாத பிறநாட்டுப் பழங்காசுகளைப் பற்றி 2000 இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலின் பெயரிலேயே கரூர் இடம்பெற்றுள்ளது. ஊரை மறவாத தொகுப்பு அறிவுக்கு உதவும்.

சென்ற ஆண்டு எம் மாணவன் ஒருவன் வகுப்புக்கு ஒரு செப்புத்துட்டைக் கொண்டுவந்தான். ஒல்லாந்தக் கும்பனியின் முத்திரை உடையது. துட்டு என்னும் சொல்லே ஒல்லாந்தர் தந்ததன்றோ! மாணவர்கள் அதன் விலை என்னவென்று கேட்டனர். எங்கே எடுத்தாய் என்று நான் கேட்டேன். அவன் விழித்தான், மறுநாள் பாட்டியைக் கேட்டுவந்து, கிணறு தோண்டிய இடத்தைச் சொன்னான். அதனைக் குறிப்பேட்டில் எழுதினோம். தேய்க்கவில்லை. பழம்பொருள் கண்டால் அறிவித்தல் வேண்டும் என்பது 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம். ஆதலின் தொல்பொருள் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதினோம். கடிதத்தை எழுதியவன் அம்மாணவனே.

அக்குறிப்பேட்டில் மூன்று நிரல்கள் உள: காசு, கண்டவர், இடம். முதல் வரியில் முல்லைக்காரரின் சிறுகாசை எழுதியிருக்கிறேன். மூன்றாம் நிரல் அங்கே வெறுமையாக உள்ளது. மாணவர் காரணம் கேட்பர். இக்கதையைச் சொல்வேன்.