வடக்கன்குளம் தரும் இரு சாட்சிகள்

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து கிழக்கே பாயும் காற்று முதலில் தழுவும் ஊர்களுள் ஒன்று வடக்கன்குளம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், இராதாபுரம் வட்டத்தில் அமைந்துள்ள இவ்வூர், தமிழகத் திருச்சபை வரலாற்றில் இருமுறை சிறப்பிடம் பெற்றது. முதல் முறை 1745ஆம் ஆண்டில். இரண்டாம் முறை 1910ஆம் ஆண்டில். முதல் நிகழ்ச்சியைப் பெருமையோடு பேசுகிறோம், விழா எடுக்கிறோம். இரண்டாவதை மெல்லிய குரலில் பேசுகிறோம். அல்லது பேசாமலே விட்டுவிடுகிறோம். ஆனால் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான், வாய்மையிலும் நீதியிலும் நிலைத்து நிற்பது என்றால் என்னவென்று நமக்கு முழுமையாக விளங்கும்.

அரசனுக்கு முன் நின்றவர்

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் காலம். பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராக இருந்தவர் நீலகண்டன். 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் நட்டாலம் என்னும் ஊரில் பிறந்தவர். செல்வமும் செல்வாக்கும் உற்றார் துணையும் ஒருங்கே அமையப்பெற்றவர். அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் உள்ளம் சோர்ந்திருந்த அவருக்கு, 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மன்னரின் படைத்தலைவரான டிலனாய், பொறுமையின் சிகரமான யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். அந்த வரலாறு அவருடைய உள்ளத்தில் ஒளியேற்றியது.

மறையை ஏற்க விரும்பிய நீலகண்டன் அரசின் எல்லையைத் தாண்டி வடக்கன்குளம் வந்தார். அங்கே 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், சேசு சபைக் குரு புத்தாரி அடிகளார் கரங்களால் திருமுழுக்குப் பெற்றார். இலாசரு என்னும் பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அவருடைய மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ என்னும் பெயர் ஏற்றார்.

அதன் பிறகு நடந்தவற்றை நாம் அறிவோம். தாம் கண்ட உண்மையை அவர் ஒளித்து வைக்கவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களோடு வேறுபாடின்றிப் பழகினார்; உடன் அமர்ந்தார். மேட்டுக்குடியினரின் சினம் பெருகியதற்கு மதமாற்றம் மட்டுமன்று, இதுவும் ஒரு காரணம். 1749ஆம் ஆண்டு சிறைப்பட்டார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் சித்திரவதையும் அவமானமும் அடைந்தார். எருமைமீது ஏற்றி ஊர்ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். ஒரு சொல் மறுத்துரைத்திருந்தால் பதவியும் மதிப்பும் மீண்டும் வந்திருக்கும். அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. அவருடைய திருவுடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் முதற் புனிதர் அவரே.

இது முதற் சாட்சி. புறத்திலிருந்து வந்த வன்மையை எதிர்த்து நின்ற சாட்சி.

கோயிலுக்குள் எழுந்த சுவர்

அதே வடக்கன்குளத்தில், தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற நூற்றாண்டுக்கு அடுத்த நூற்றாண்டில், ஒரு புதிய கோயில் எழுந்தது. 1872ஆம் ஆண்டில் அமைந்த அந்தக் கோயில் ஒரு விந்தையான வடிவம் கொண்டது. பீடம் ஒன்று; ஆனால் மக்கள் நிற்கும் கூடங்கள் இரண்டு. இரண்டும் பீடத்தருகே வந்து கூடும்; இடையே சுவர் பிரிக்கும். ஒரு கூடத்தில் வேளாளர். மற்றொன்றில் நாடார் முதலிய பிறர். பீடத்தில் நிற்கும் குரு இரு பக்கத்து மக்களையும் காண்பார். ஒரு பக்கத்தவர் மறுபக்கத்தவரைக் காணார். அதன் உருவத்தைக் கண்ட வெளியூரார் அதனைக் கால்சட்டையோடு ஒப்பிட்டு நகைத்தனர்.

வாசகரே, சற்று எண்ணிப் பாருங்கள். ஒரே அப்பம் பிட்கப்படுகிறது. ஒரே கிண்ணம் உயர்த்தப்படுகிறது. 'விண்ணுலகில் இருக்கும் எங்கள் தந்தையே' என்று ஒரே குரலில் மன்றாட வேண்டிய பிள்ளைகள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராதபடி சுவருக்கு இருமருங்கிலும் முழந்தாளிடுகின்றனர். குழந்தை பிறந்து, வளர்ந்து, மணம் முடித்து, முதுமை எய்தும் அளவுக்கு 38 ஆண்டுகள் அச்சுவர் நின்றது.

அந்தச் சுவரைக் கட்டியவர் யார்? பகைவர் அல்லர், பிற சமயத்தார் அல்லர். ஊரில் பூசல் வேண்டாம், மறையை விட்டு எவரும் விலக வேண்டாம் என்று எண்ணி, குருக்களே அதற்கு இசைந்தனர். இந்த இணக்கம் ஒருநாளில் தோன்றியதன்று. 1606ஆம் ஆண்டு மதுரை வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி காலந்தொட்டே, சாதி வழக்கம் வெறும் உலக வழக்கமா, மறைக்கு முரணான பாவமா என்ற வினா திருச்சபையில் எழுந்து வந்தது. 1704ஆம் ஆண்டு புதுச்சேரியில் பாப்பிறையின் தூதர் துர்னோன் வெளியிட்ட ஆணையும், 1744ஆம் ஆண்டு பதினான்காம் ஆசீர்வாதப்பர் வழங்கிய ஆணை மடலும், தாழ்த்தப்பட்டோர் நோயுற்றால் குருக்கள் அவர்தம் வீடுகளுக்கே சென்று அருட்சாதனங்கள் வழங்க வேண்டும் என்று கண்டிப்பாகப் பணித்தன. அப்படிப் பணிக்க வேண்டிய நிலை இருந்தது என்பதே நமக்குத் தலைகுனிவு.

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே 1745ஆம் ஆண்டில், புதுச்சேரிக் கோயிலிலும் இத்தகைய ஒரு சுவர் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் குருவிடம் சென்று முறையிட, அச்சுவர் அகற்றப்பட்டது. உயர்குடிக் கிறிஸ்தவர்கள் சினந்தெழுந்தனர். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இந்நிகழ்ச்சியைக் குறித்து வைத்துள்ளார். ஆக, சுவர் கட்டுவோரும் சுவரை எதிர்ப்போரும் திருச்சபைக்குள் அன்றும் இருந்தனர்.

தம்மவருக்கு முன் நின்றவர்

1910ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் சுவர் வீழ்ந்தது. அதை இடிக்கச் செய்தவர் சேசு சபைக் குரு கௌசானல் அடிகளார். பாளையங்கோட்டைத் திரு இருதயச் சகோதரர் சபையைத் தோற்றுவித்தவர் என்று நெல்லை மக்கள் நன்கறிந்த பெரியார் அவர்.

அவர் எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது மன்னரையா? இல்லை. கோயில் கட்டப் பொருள் தந்தவர்களை, திருநாள் நடத்துபவர்களை, நாள்தோறும் 'சாமி' என்று கைகூப்பி நின்றவர்களை, தமக்கு முன் பணியாற்றிய குருக்கள் செய்து வைத்த ஏற்பாட்டை. மன்னரை எதிர்ப்பவனுக்கு மறைசாட்சி என்ற பெயர் கிடைக்கும். தன் பங்கு மக்களை எதிர்ப்பவனுக்குக் கலகக்காரன் என்ற பெயரே கிடைக்கும்.

மனம் புண்பட்டவர்கள் நீதிமன்றம் சென்றனர். கோயிலில் தங்களுக்கென்று தனி இடம் உண்டு, அது தங்கள் உரிமை என்று வாதிட்டனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. கத்தோலிக்கக் கோயிலின் ஒரு பகுதி ஒரு சாதியாருக்கே உரியது என்னும் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. சுவர் மீண்டும் எழவில்லை.

இது இரண்டாம் சாட்சி. அகத்திலிருந்த அநீதியை அகத்திலேயே நின்று எதிர்த்த சாட்சி.

அந்தியோக்கியாவின் பந்தி

இவ்வாறு திருச்சபைக்குள்ளேயே உண்மையை எடுத்துரைப்பது கீழ்ப்படியாமை ஆகாதா என்று சிலர் அஞ்சுவர். திருமறை நூலைத் திறந்து பார்ப்போம். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அந்தியோக்கியா நகரில் நடந்ததைப் புனித சின்னப்பர் விவரிக்கிறார். புறவினத்துக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உண்டுவந்த இராயப்பர், யூதக் கிறிஸ்தவர் சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகினார். சின்னப்பர் அவரை நேருக்கு நேராகக் கண்டித்தார்.

இங்கே மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வழக்கு எழுந்தது பெரிய தத்துவத்தைப் பற்றியன்று; யாரோடு அமர்ந்து உண்பது என்பதைப் பற்றியே. இரண்டாவது, சின்னப்பர் பின்னால் முணுமுணுக்கவில்லை. முகத்துக்கு முன் பேசினார். மூன்றாவது, அவர் திருச்சபையை விட்டு வெளியேறவில்லை. இராயப்பரைத் தலைவர் அல்லர் என்று சொல்லவுமில்லை.

நம் பங்குகளிலும் உண்மை பேசுகிறோம் என்று சொல்வோர் உண்டு. பெயரில்லாத மொட்டைக் கடிதம் ஒன்று ஆயர் இல்லம் செல்கிறது. திருநாள் கணக்கைக் குறித்துத் தெருமுனையில் பேச்சு. பங்குப் பேரவையில் மௌனம். ஒருவர் மீதுள்ள பகையைத் தீர்க்க நீதியின் பெயரைத் துணைக்கு அழைக்கிறோம். இது வாய்மையில் நிலைப்பது ஆகுமா? உண்மைக்காக நிற்பவன் தன் பெயரைச் சொல்லி நிற்பான். அதனால் தனக்கு நேரும் இழப்பை ஏற்பான். தான் திருத்த விரும்பும் சகோதரனை இழக்க விரும்பமாட்டான். எபேசியர் திருமுகம் வாய்மையை இடைக்கச்சையாகவும் நீதியை மார்புக் கவசமாகவும் சித்திரிக்கின்றது. இரண்டும் நம்மைக் காக்கும் அணிகள். பிறரைத் தாக்கும் கருவிகள் அல்ல.

எஞ்சியுள்ள சுவர்கள்

கல்லால் ஆன சுவரை ஒரு நாளில் இடித்துவிடலாம். மனத்தில் உள்ளது அவ்வளவு எளிதில் வீழ்வதில்லை. தமிழகத்தில் கல்லறைத் தோட்டங்களிலும் சுவர்கள் எழுந்ததை நாம் அறிவோம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவர் நாடறிந்த ஒன்று. மண்ணிலிருந்து வந்தவர் மண்ணுக்கே திரும்புகையிலும் நமக்கு வேற்றுமை வேண்டியிருக்கிறது!

2003ஆம் ஆண்டு நவம்பரில், தம்மைச் சந்திக்கச் சென்ற தமிழக ஆயர்களிடம், கிறிஸ்தவர்களிடையே சாதி வேற்றுமையின் சாயல் தென்பட்டாலும் அது உண்மையான மானிட ஒன்றிப்புக்கு எதிரான அடையாளம் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவுறுத்தினார். 2016ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் நிலவும் பாகுபாட்டை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொள்வதும் வாய்மையின் பணியே. ஒப்புரவு அருட்சாதனத்தில் தனி மனிதன் செய்வதைத் திருச்சபையும் செய்ய வேண்டும் அன்றோ?

முதற் சாட்சியும் இரண்டாம் சாட்சியும் ஒன்றுகூடும் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. தேவசகாயத்தைச் சாதிப் பட்டத்துடனேயே நாம் நெடுங்காலம் அழைத்து வந்தோம். சாதி வேற்றுமையைத் துறந்ததற்காகவும் துன்புற்ற ஒருவரைச் சாதிப் பெயரால் போற்றுவது முறையோ என்று மறைமக்களிடையே குரல் எழுந்தது. முறையீடுகள் உரோமைக்குச் சென்றன. அவை ஏற்கப்பட்டன. புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது அச்சாதிப் பெயர் இல்லை. தேவசகாயம் என்னும் திருமுழுக்குப் பெயரே நின்றது. 1910இல் சுவர் நீங்கியது போல, ஒரு பெயரின் ஓரத்தில் எஞ்சியிருந்த சுவரும் நீங்கியது.

நம் இல்லங்களில்

அன்பார்ந்த பெற்றோரே, இவ்வரலாற்றைப் படித்துவிட்டு ஊராரைக் குறை சொல்ல நாம் புறப்பட வேண்டா. நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குவோம். பிள்ளைகளின் செவியில் விழும்படி பிற குலத்தாரை எள்ளிப் பேசுகிறோமா? திருநாள் சப்பரம் எல்லாத் தெருக்களுக்கும் செல்கிறதா? பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படும் பன்னிருவரில் யார் யார் இடம் பெறுகின்றனர்? வயல் வேலைக்கு வந்தவருக்கு எந்தக் கிண்ணத்தில் நீர் தருகிறோம்? மகளுக்கோ மகனுக்கோ மணம் பேசும்போது முதற் கேள்வியாக எதைக் கேட்கிறோம்? கடைசிக் கேள்வி கடினமானது. அதனால்தான் அது உண்மையான கேள்வி.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணியில் மணிமுத்தாறு கலக்கிறது, கடனாநதி கலக்கிறது, பச்சையாறும் சிற்றாறும் கலக்கின்றன. புன்னைக்காயல் அருகே கடல் சேரும் நீரில், இது இந்த மலையின் நீர், அது அந்த ஓடையின் நீர் என்று பிரித்தெடுக்க வல்லார் யார்? திருமுழுக்குத் தொட்டியின் நீரும் அத்தகையதே. அதில் இறங்கியவர்களைக் கரையேறியபின் மீண்டும் பிரிக்க முயல்வது, அந்த நீரையே மறுதலிப்பதாகும்.

தேவசகாயத்தின் மரணத்திற்குப் பின் ஞானப்பூ அம்மையார் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து மறைந்தார். அவ்வூருக்குத் திருப்பயணம் செல்லும் குடும்பங்கள், முதற் சாட்சியை நினைந்து மெழுகுதிரி ஏற்றட்டும். பிறகு கோயிலின் உள்ளே சற்று நின்று, ஒருகாலத்தில் சுவர் இருந்ததை நினைந்து, அருகில் நிற்பவரின் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். அவ்வாறு பார்க்க முடிவதற்காகவே ஒருவர் அங்கே உறுதியாக நின்றார்.